இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து மாளிகை ஒன்றைப் பார்க்கப் போகிறேன், எதைத் தவறவிடக் கூடாது?

வெளியே இருக்கிற எஞ்சின் ரூம், பம்ப் ரூம் மாதிரிக் கட்டடங்களை. வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது நார்தம்பர்லாந்தில், ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் உள்ள கிராக்சைடு மாளிகையை வைத்து. நியூகாசிலில் பீரங்கியும் ஹைட்ராலிக் கிரேனும் செய்து பணம் சேர்த்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் வீடு அது. 1863-இல் சின்ன ஓய்வில்லமாகத் தொடங்கியது, 1869-க்குப் பிறகு கட்டடக் கலைஞர் நார்மன் ஷா கைக்குப் போய் மலைச்சரிவில் பெருத்துவிட்டது. முதல் தடவை போனபோது, வரவேற்புக் கூடத்தில் இருக்கும் பத்து டன் பளிங்குக் கணப்பைப் பார்த்தே நேரம் போய்விட்டது. எனக்கென்னவோ அது கல்யாண மண்டப மேடை மாதிரிதான் இருந்தது.

இரண்டாம் தடவை கீழே டம்பிள்டன் ஏரிக்கரையில் ஆரம்பித்தேன். அங்கே சின்னதாக ஒரு கல் கட்டடம், அதுதான் பம்ப் ஹவுஸ். தண்ணீரின் விசையிலேயே ஓடிய எஞ்சின், வீட்டுக்கும் மேலே இருந்த தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. அந்தத் தொட்டி கொடுத்த அழுத்தத்தில்தான் சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பி சுழன்றது. மாடிக் கணப்புகளுக்கு நிலக்கரி கொண்டுபோன லிஃப்டும் ஏறியது. இதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்தச் சமையலறையே புரியும்.

மின்சாரமும் அப்படித்தான். 1878-இல் ஆம்ஸ்ட்ராங் ஓடைத் தண்ணீரில் டைனமோவை ஓட்டி ஆர்க் விளக்கு (இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் பழைய வகை விளக்கு) எரியவிட்டார். 1880-இல் நண்பர் ஜோசப் ஸ்வான் உருவாக்கிய பல்புகள் வந்தன. நூலகத்தில் எனாமல் பூசிய செம்புக் குவளைகள் மேல் விளக்குகள் இருக்கும். அன்றைக்கு அவற்றுக்கு ஸ்விட்ச் கிடையாது. குவளைக்குள் இறங்கிய கம்பியின் நுனி அடியில் இருந்த பாதரசக் கிண்ணத்தைத் தொட்டது, திரும்பும் மின்சாரம் செம்புக் குவளை வழியாகவே போனது. குவளையைத் தூக்கினால் விளக்கு அணைந்தது, வைத்தால் எரிந்தது. இன்றைக்கு எந்த எலக்ட்ரீஷியனிடம் சொன்னாலும் அடிக்க வருவார்!

தேவை கூடியதும் 1886-இல் அதே எஸ்டேட்டில் பர்ன்ஃபுட் என்ற இடத்தில் தனியாக ஒரு பவர் ஹவுஸ் கட்டினார். வீட்டிலிருந்து நல்ல நடை, அதனால் பலர் அந்தப் பக்கமே வருவதில்லை. டர்பைனும் டைனமோவும் அங்கே இருக்கின்றன. திரும்பும்போது டம்பிள்டனில் 2014-இல் வைத்த ஆர்க்கிமிடீஸ் திருகையும் பாருங்கள், தண்ணீர் இறங்கும்போது சுழன்று மின்சாரம் தரும் பெரிய சுருள் அது, 17 மீட்டர் நீளம். மறுபடியும் அதே தண்ணீர், அதே வீட்டு விளக்குகள்.

நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள், ஏற்ற இறக்கம் அதிகம்.