கேளுங்கள், சொல்கிறோம்: மழை விடாத மலைக்கு

கே: கிளாஸ்கோவில் படிக்கும் மகளின் பட்டமளிப்புக்கு ஜூலையில் போகிறோம். அப்படியே ஸ்காட்லாந்தின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் ஏறலாம் என்கிறாள். எனக்கு 52, கணவருக்கு 56. தினமும் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கிற பழக்கம் உண்டு. காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிட முடியுமா?
— எஸ்.வி., பெரம்பூர்

ப: கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் வேண்டாம். குயீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மலைக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் வில்லியமுக்கு ரயிலில் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். காலை வண்டியைப் பிடித்தாலும் இறங்கும்போது நண்பகல். அங்கேயே மூன்று இரவு தங்குங்கள். நடுவில் கிடைக்கும் இரண்டு பகலில் எது தேவலையோ அன்றைக்கு ஏறுங்கள்.

உயரம் 1,345 மீட்டர்தான், ஊட்டியைவிடக் குறைவு. ஆனால் ஊட்டிக்கு பஸ் போகிறது. இங்கே க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் தொடங்கி, மொத்த உயரத்தையும் காலால் ஏற வேண்டும். ஏற மட்டும் எட்டரை கிலோமீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி உச்சிக்கு நான்கு மணி நேரம். அது பழகின கால்களுக்கு. பூங்காவில் நடப்பவர்கள் ஆறு மணி நேரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். இறங்க இன்னும் நான்கு.

காலை 7 மணிக்குக் கிளம்பினால், மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணில் தெரிந்தாலும்தான். இந்த நேரத்தை முதல் நாள் ராத்திரியே மூவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே போய்ப் பேசினால் “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்ற பேச்சுதான் ஜெயிக்கும். பாதி வழியில், சுமார் 570 மீட்டரில், ஒரு ஏரி வரும். அங்கே சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதோடு திரும்புவதே நல்லது.

வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றை முதலில் பாருங்கள். ஃபோர்ட் வில்லியம் ஊருக்கான அறிக்கை உதவாது, மலைகளுக்கென்றே எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைத் தகவல் சேவை தனியாக வெளியிடுகிறது, அதில் மேற்கு ஹைலேண்ட்ஸ் பக்கம். உச்சியில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால் அன்று ஊர் சுற்றுங்கள்.

கே: கடலுக்குப் போகும்போது போடும் ரெயின்கோட் வீட்டில் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. மலைக்கும் அதுவே போதாதா?
— ஆ.ஜெ., காசிமேடு

ப: வெளித் தண்ணீர் உள்ளே வராது, சரி. உள்ளே ஊறும் வேர்வையும் வெளியே போகாது. போட்டில் ஓரிடத்தில் நிற்பவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. மூன்று மணி நேரம் செங்குத்தாக ஏறினால் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். ஏறும்வரை உடம்புச் சூட்டில் தெரியாது. உட்கார்ந்து பத்து நிமிடம் காற்று பட்டதும் நடுங்க ஆரம்பிக்கும். உச்சியில் அடிவாரத்தைவிட 9 டிகிரி வரை குறைவாக இருக்கும், ஜூலையிலும்.

சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பென் நெவிஸ் உச்சியில் 4,000-க்கு மேல். ஆகவே வேர்வையை வெளியே விடும் வகை கோட், தையல்மேல் உள்பக்கம் டேப் ஒட்டியது, வேண்டும். அதே வகையில் பேன்ட்டும் வேண்டும். பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வாங்கியதும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். தோள்பட்டையிலும் ஜிப் ஓரத்திலும் கசிந்தால் கடையில் மாற்றிவிடலாம்.

உள்ளே பருத்தி கூடவே கூடாது. ஜீன்ஸ் அறவே வேண்டாம். வடசென்னையில் வீட்டுக்கு ஒரு ஃபுட்பால் ஜெர்சி இருக்குமே, அந்த பாலியெஸ்டர் துணி சீக்கிரம் காயும். அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ் (கம்பளிபோல் மெத்தென்ற மேல்சட்டை), பையில் இன்னொன்று, குல்லாய், இரண்டு ஜோடி கையுறை. பைக்கு வெளியே போடும் மழை உறையைக் காற்று பிடுங்கிவிடும். பைக்குள் கனமான பாலிதீன் உறையைப் போட்டு, அதற்குள் துணிகளை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

கே: இங்கே மேடு என்றால் மேம்பாலம்தான். எப்படிப் பயிற்சி எடுப்பது?
— எம்.பி., வியாசர்பாடி

ப: மாடிப்படி. ஒரு மாடி 3 மீட்டர் என்றால் பென் நெவிஸ் சுமார் 450 மாடி. முதல் வாரம் நாள்விட்டு நாள் 30 மாடி, வாரம் பத்து கூட்டி, எட்டாவது வாரம் 100. முதுகில் 6 கிலோ பை. தண்ணீர் பாட்டில்களே எடைக்குப் போதும். லிஃப்டில் இறங்க வேண்டாம். மலையில் முட்டி கெடுவதும் வழுக்குவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான், ஈரக்கல்லில்.

அலிபிரி வழியாகத் திருப்பதி ஏறும் வழக்கம் உள்ளவர்களுக்கு அந்த 3,550 படி அருமையான ஒத்திகை. ஆனால் நம்மவர்கள் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவார்கள். தொடைக்கு இறக்கம் பழகவே பழகாது. நடந்தே இறங்குங்கள். அங்கே வெறுங்காலில் போவதால் புது ஷூவைப் பழக்க வீட்டு மாடிப்படிதான். இறங்கும்போது கால்விரல் முன்னால் இடித்தால் ஷூ ஒரு அளவு சின்னது.

கே: போனில் மேப் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு?
— டி.ஆர்., திருவொற்றியூர் (கல்லூரி மாணவர்)

ப: நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பென் நெவிஸ் உச்சி பெரும்பாலான நாள் மேகத்துக்குள்தான். பாதை அழிந்து வெறும் கல்லாகிவிடும். வடக்கே செங்குத்துப் பாறை, கார்டிலூ பள்ளம். இறங்கும்போது அதற்குப் பயந்து அதிகமாக இடப்பக்கம் ஒதுங்கினால் ஃபைவ் ஃபிங்கர் பள்ளம்.

இறங்கும் திசை இது: உச்சியிலுள்ள நில அளவைத் தூணிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இவை வரைபடக் கட்டத்தின்படி. காந்த விலகல், அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம், வரைபட ஓரத்தில் அச்சிட்டிருக்கும், சரிசெய்துகொள்ளுங்கள். 150 மீட்டரை எப்படி அளப்பது? பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் நடந்து, இடது கால் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பலருக்கும் 60-லிருந்து 70. எதிர்காற்றில் எட்டிவைக்கும் தூரம் சுருங்கும், எண்ணிக்கை கூடும்.

ஆபத்தென்றால் 999, போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு.

மேகத்தை மட்டும் திட்டாதீர்கள். 1883 முதல் 1904 வரை உச்சியில் வானிலை ஆய்வகம் இருந்தது. நாம் ஏறும் பாதையே அதற்காகப் போட்டதுதான். 1894-இல் அங்கே வேலை பார்த்த சி.டி.ஆர். வில்சன் மேகத்தில் வெயில் காட்டிய வளையங்களைப் பார்த்து, அதைச் செயற்கையாக உண்டாக்கப் போய், அணுத்துகள்கள் போகும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறை என்ற கருவியை உருவாக்கினார். 1927-இல் நோபல்.

கே: அனுமதிச் சீட்டு வேண்டுமா? சாப்பாடு?
— கே.எல்., தண்டையார்பேட்டை

ப: சீட்டு வேண்டாம், கட்டணமும் இல்லை. புளியோதரை கட்டாதீர்கள்: குளிரில் சோறு விறைக்கும், கையுறையைக் கழற்றாமல் சாப்பிடவும் முடியாது. சுருட்டிய சப்பாத்தி, பேரீச்சை, முன்கூட்டியே துண்டாக உடைத்து ஜேபியில் போட்ட கடலை மிட்டாய், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஃபிளாஸ்க்கில் டீ. நெய், பால்கோவா போன்ற பால் பொருளையும் கறியையும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.