தர்பாரில் உட்கார்ந்திருந்தவர்கள்

கேள்வி: காலையில் ஓர் உத்தரவு, மாலையில் ரத்து என்றால் உடனே 'துக்ளக் தர்பார்' என்கிறார்களே, இது எப்படி வந்தது? துக்ளக் நிஜமாகவே கிறுக்கரா?

பதில்: எல்லோரும் துக்ளக்கைப் பற்றியே கேட்கிறீர்கள். தர்பாரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் அக்கறை.

பெயர் வந்த கதை பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். முகமது பின் துக்ளக் டெல்லியை 1325 முதல் 1351 வரை ஆண்டவர். தேவகிரிக்குத் தௌலதாபாத் என்று பெயர் வைத்து, டெல்லிப் பிரமுகர்களை அங்கே குடியேறச் சொன்னார். சில ஆண்டுகளில் திரும்பிப் போகலாம் என்றார். வெள்ளி டங்காவுக்கு ஈடாகச் செம்பிலும் பித்தளையிலும் காசு அடித்தார். அதையும் சீக்கிரமே கைவிட்டார். அன்றிலிருந்து, நினைத்த மாத்திரத்தில் போடுகிற உத்தரவுக்கெல்லாம் அவர் பெயர்தான்.

ஆனால் அந்தக் காசு திடீரென்று உதித்த கிறுக்கு இல்லை. சீனாவில் குப்லாய் கான் அதற்கு முன்பே காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டிருந்தார். பாரசீகத்தில் 1294இல் அதையே செய்யப்போய், தப்ரீஸ் கடைவீதி வெறிச்சோடியது. துக்ளக்கின் காசில், சுல்தானுக்குக் கீழ்ப்படிகிறவன் இறைவனுக்குக் கீழ்ப்படிகிறான் என்று பொறித்திருந்தது. வாசகம் கம்பீரம்தான்; கள்ளக்காசுக்காரனைத் தடுக்க அது போதுமா? அச்சு வெட்டத் தெரிந்தவன் எவனும் வீட்டிலேயே அடித்தான், நிலவரியை அதிலேயே கட்டினான். கடைசியில் சுல்தான் கஜானாவைத் திறந்து, செம்பை வாங்கிக்கொண்டு நல்ல காசு கொடுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்த செம்பு துக்ளகாபாத்தில் மலையாய்க் குவிந்தது என்று எழுதியிருக்கிறார் ஜியாவுதீன் பரனி.

இந்தப் பரனிதான் என் ஆள். 17 ஆண்டுகளுக்கு மேல் சுல்தானின் பக்கத்திலேயே இருந்தவர். சுல்தான் இறந்த பிறகு, வறுமையில் உட்கார்ந்து 1357இல் வரலாற்றை முடித்தார். அதில், உயிருக்குப் பயந்தும் பொருளுக்கு ஆசைப்பட்டும் தானும் மற்றவர்களும் சுல்தானிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எத்தனை பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது? 'துக்ளக்கின் திட்டங்கள் தோல்வியடைந்ததற்கான காரணங்களைக் கூறுக' என்று கேள்வி வரும். விடையில் பரனியின் வாக்குமூலம் வராது. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

கிறுக்கு என்று பெயர் வைத்ததோடு விசாரணை முடிந்துவிடுகிறது; தலையாட்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. காலையில் உத்தரவு போட்டவர் ஒருவர் என்றால், கோப்பில் 'சரி' என்று எழுதி மேலே அனுப்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவராவது 'வேண்டாம்' என்று எழுதினாரா?

பரனி காலத்தில் இதைக் கேட்க வழியில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேட்கலாம். மனுவுக்கு 10 ரூபாய். அந்த மாலையில் ரத்தான உத்தரவின் கோப்பைக் கேட்டு எழுதிப் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.