புரோகிராமிங், நெட்வொர்க்கிங், சொந்த புராஜெக்ட்: மூன்றையும் தானாகப் படிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மார்த்தாண்டம், கடை ஊழியர்): அக்கா, ராத்திரி 9 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். பைத்தான், சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) பாடம், கடைக்கு ஒரு ஸ்டாக் கணக்கு ஆப் என்று தினமும் 40 நிமிஷமாகப் பிரித்தேன். மூன்றும் நகரவில்லை.

பதில்: 40 நிமிஷம் போதாது. நேற்று விட்ட இடத்தை மனதில் ஏற்றவே கால் மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் ஒரு பிழையைக்கூடத் தேடி முடிக்க முடியாது. நாளைப் பிரிக்காமல் வாரத்தைப் பிரியுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை நெட்வொர்க்கிங் மட்டும். வெள்ளி, சனி ஆப் மட்டும். ஞாயிறு வீட்டுக்கு. பைத்தானுக்குத் தனி நாள் வேண்டாம், அந்த ஆப்தான் உங்கள் பைத்தான் பாடம். தினமும் விடாமல் செய்ய வேண்டியது சப்நெட்டிங்தான் (ஐபி முகவரிகளைச் சின்ன நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு): தாளில் ஐந்து கணக்கு, பத்து நிமிஷம். அது கைப்பழக்கம், நான்கு நாள் விட்டால் மறந்துவிடும்.

சனிக்கிழமை லேப்டாப்பை மூடும் முன் கிட் (Git) மென்பொருளில் கமிட் செய்துவிட்டு, அதாவது அன்றைய கோடைப் பதிவு செய்துவிட்டு, மூன்று வரி எழுதி வையுங்கள்: எது ஓடுகிறது, எது ஓடவில்லை, அடுத்து எந்த ஃபங்ஷனைத் தொட வேண்டும். அடுத்த வெள்ளி அந்த மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஆப்பைக் கடையின் இரண்டு கம்ப்யூட்டரில் ஓட வைத்துப் பாருங்கள். ஒன்றில் சர்வர், மற்றதில் பிரவுசர். முதலில் திறக்காது. சர்வர் 127.0.0.1-இல் (அதே மெஷினைக் குறிக்கும் முகவரி) மட்டும் காத்திருந்தால் வேறு மெஷின் அதைத் தொட முடியாது, 0.0.0.0 (மெஷினின் எல்லா முகவரியிலும் கேள் என்று பொருள்) என்று மாற்ற வேண்டும். அடுத்து ஃபயர்வாலில் சர்வர் காத்திருக்கும் போர்ட் எண்ணைத் திறக்க வேண்டும். இரண்டும் சரியான பிறகு, ஒரு நாள் ரவுட்டர் மறுபடி ஆன் ஆகும்போது சர்வரின் ஐபி மாறிப் பழைய முகவரி வேலை செய்யாமல் போகலாம். ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டால், அதாவது அந்த மெஷினுக்கு எப்போதும் ஒரே ஐபி என்று ஒதுக்கினால் தீரும். பாடப் புத்தகத்தில் மூன்று அத்தியாயத்தில் வருவது இந்த ஒரே வேலையில் வந்துவிடும்.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவி): 192.168.10.70/26 எந்த நெட்வொர்க்கில் வரும் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் தப்பாகிறது.

பதில்: பைனரிக்குப் போகாதீர்கள். /26 என்றால் மாஸ்க் 255.255.255.192, அதன் கடைசி எண் 192. 256-இலிருந்து கழித்தால் 64, அதுதான் தாவல். 0, 64, 128, 192 என்று எழுதுங்கள். 70 என்பது 64-க்கும் 128-க்கும் நடுவில். ஆகவே நெட்வொர்க் 192.168.10.64, பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கின் எல்லா மெஷினுக்கும் போகும் முகவரி) அடுத்த தாவலுக்கு ஒன்று குறைவு, அதாவது 127. மெஷின்களுக்கு 65 முதல் 126 வரை, மொத்தம் 62. பெரும்பாலும் தப்பு வருவது பிராட்காஸ்ட்டை 128 என்று எழுதுவதால்.

கேள்வி (குளச்சல்): பைத்தானில் சாட் புரோகிராம் எழுதினேன், அக்கா. ஒரே லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. மொபைல் நெட்டில் இரண்டு மெசேஜ் ஒட்டிக்கொண்டு வருகிறது, சில சமயம் பாதி மட்டும் வருகிறது.

பதில்: பிழை நெட்டில் இல்லை தம்பி, டிசிபியை (இரண்டு புரோகிராம்களுக்கு நடுவே தரவைக் கொண்டுபோகும் விதிமுறை) நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில். டிசிபிக்கு மெசேஜ் என்பதே தெரியாது. குழாயில் தண்ணீர் போல பைட்டுகள் வரிசை தப்பாமல் வரும், அவ்வளவுதான். நீங்கள் மூன்று தடவை அனுப்பியது அங்கே ஒரே தடவையாக வரலாம், ஐந்து துண்டாகவும் வரலாம். ஒரே மெஷினுக்குள் சின்ன மெசேஜ் பெரும்பாலும் முழுசாக வருவதால் பிழை மறைந்திருந்தது.

ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டாக, பிக் எண்டியன் வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்புங்கள். நீளத்தை எழுத்து எண்ணிக்கையில் எடுக்காதீர்கள். எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட். ‘கி’ பார்வைக்கு ஓர் எழுத்து, உள்ளே இரண்டு குறி, 6 பைட். முதலில் என்கோட் செய்யுங்கள் (பைட்டாக மாற்றுங்கள்), பிறகு எண்ணுங்கள். வாங்கும் பக்கம் 4 பைட் சேரும் வரை லூப், பிறகு அந்த நீளம் சேரும் வரை இன்னொரு லூப். காலி பைட் வந்தால் எதிர்ப்பக்கம் மூடிவிட்டது என்று பொருள். லூப்பை விட்டு வெளியே வராவிட்டால் பிராசஸர் சும்மா சுழன்று சூடாகும்.

முடித்ததும், நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பாருங்கள். உங்கள் 4 பைட்டை அதில் கண்ணால் பார்த்தால் டிசிபி பாடம் பாதி முடிந்தது.

கேள்வி (கருங்கல்): 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். லேப் போட முடியுமா?

பதில்: சிசிஎன்ஏ பயிற்சிக்கு ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் திரையிலேயே பாவனையாக ஓட்டும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் போதும், இலவசம்தான். புரோகிராமைச் சோதிக்க விர்ச்சுவல் மெஷின் வேண்டாம். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனி நெட்வொர்க்) இரண்டு உண்டாக்கி, வீத் (veth) என்ற கற்பனை கேபிளால் இணைத்து, 10.0.0.1/24, 10.0.0.2/24 கொடுங்கள். பிங் போகவில்லையென்றால் பெரும்பாலும் இன்டர்ஃபேஸை ‘அப்’ செய்ய மறந்திருப்பீர்கள். பிறகு லினக்ஸின் நெட்எம் (netem) வசதி மூலம் 200 மில்லிசெகண்ட் தாமதமும் 5 சதவீத பாக்கெட் இழப்பும் வைத்து ஆப்பை ஓட்டுங்கள். மோசமான சிக்னலில் அது என்ன செய்யும் என்பது மேசையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் விளையில் மழைமானி வைத்து, விடியுமுன் பால்வெட்டுக்குப் போகலாமா என்று போனில் பார்க்க ஆசை. ஆறு வாரமாக அதிலேயே கிடக்கிறேன், படிப்பு நின்றுவிட்டது.

பதில்: நல்ல புராஜெக்ட், விடாதீர்கள். ஆனால் வரிசையை மாற்றுங்கள். ஹார்ட்வேரை ஓரமாக வைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து பொய் எண்களை எம்க்யூடிடி (சென்சார்கள் சின்னச் செய்தி அனுப்பும் விதிமுறை) வழியாக அனுப்பி, போனில் தெரியும் வரை முடியுங்கள். அது நெட்வொர்க்கிங் படிப்பிலேயே சேரும்.

பிறகு மானி. புனல் வாயின் பரப்பு 100 சதுர செ.மீ. (விட்டம் சுமார் 11.3 செ.மீ.), கிண்ணம் 2 மி.லி.க்குச் சாய்ந்தால் ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழை. சாய்வை எண்ணும் ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்) ஒரு சாய்வுக்கே பல முறை துடிக்கும், முதல் துடிப்புக்குப் பின் 100 மில்லிசெகண்ட் வருவதைத் தள்ளிவிடுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். நனைந்த இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும், மழையில்தான் உங்களுக்கு அது வேண்டும். அதற்குப் பதில் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ) மாட்யூலை இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள், டிரான்ஸ்மிட்டர் எரிந்துபோகலாம்.

கேள்வி (நாகர்கோவில்): வீட்டு ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் சர்வர். வெளியிலிருந்து வருவதை அதற்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் ரவுட்டரில் சரியாகத்தான் இருக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை.

பதில்: ரவுட்டரின் வான் (WAN, அதாவது இன்டர்நெட்) பக்க ஐபியைப் பாருங்கள். 100.64.0.0 முதல் 100.127.255.255-க்குள் இருந்தால் அது சிஜிநாட் (CGNAT), இன்டர்நெட் கம்பெனி செய்யும் முகவரி மாற்றம். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன, உங்கள் ஃபார்வர்டிங் வெளியே எட்டவே எட்டாது. மாதவாடகைக்கு பொது ஐபி உள்ள ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, ராஸ்பெர்ரி பையிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பை நீங்களே தொடங்குங்கள். ராஸ்பெர்ரி பை பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 விநாடிக்கு ஒரு சின்ன பாக்கெட்) என்று வைக்க மறந்தால், சிறிது நேரம் அமைதியாக இருந்ததும் முகவரி மாற்றும் அந்த நாட் (NAT) வழியை அழித்துவிடும். பகலில் திறந்த சர்வர் ராத்திரி திறக்காமல் போகும்.