மகளுக்குப் படம் வரைய வராதே என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

பூங்கா, நடைபாதை, சதுக்கம் போன்ற பொது இடங்களைச் சீரமைக்கும் நகர வடிவமைப்புதான் படிப்பேன் என்கிறாள் மகள். அவளுக்கோ படம் வரையவே வராது என்று எழுதியிருந்தீர்கள். வரைவது பழகப் பழக வந்துவிடும். ஓரிடத்தில் உட்கார்ந்து மனிதர்களைக் கவனிக்கும் பொறுமை அவளுக்கு உண்டா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க் சதுக்கங்களில் கேமராவை வைத்து, மக்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே நில்லாமல் போகிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தார். உட்கார இடமிருந்தால் ஆட்கள் உட்காருகிறார்கள். அவர் கண்டது அவ்வளவுதான். ஆனால் சதுக்கங்களில் இருக்கை வேண்டும் என்று அந்நகரம் தன் கட்டட விதிகளைத் திருத்த அதுவே காரணமாயிற்று. அங்குள்ள பிரையன்ட் பூங்காவில் அப்போது போதைப்பொருள் விற்பனை நடந்தது. மற்றவர்கள் உள்ளே போகவே அஞ்சினார்கள். உயர்ந்த வேலிச்செடிகள் உள்ளே நடப்பதை மறைத்தன. பின்னர் செடிகளை நீக்கி, வாயில்களை அகலப்படுத்தி, எடுத்து நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992-ல் திறந்தார்கள். மக்கள் திரும்பி வந்தார்கள். நிழலைத் தேடி நாற்காலியை இரண்டடி நகர்த்த முடிகிறவருக்கு அந்த இடம் தன்னுடையதாகிவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

மகள் பேசவும் கற்க வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஸ்ட்ரோயட் என்ற கடைத்தெருவை 1962-ல் நடப்பவர்களுக்கே ஒதுக்கியபோது, வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்த அச்சம் பொய்த்துப்போனது. ஆனால் இத்தகைய அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, கணக்கெடுத்துக் காட்டிப் பதில் சொல்வது இந்த வேலையில் பாதி.

படிப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், நிலவெளி வடிவமைப்பு (பூங்கா, தோட்டம் போன்ற திறந்தவெளிகளை அமைப்பது) ஆகியவற்றில் ஒன்றை இளநிலையில் முடித்துவிட்டு, முதுநிலையில்தான் நகர வடிவமைப்புக்கு வருவார்கள். ஆகவே இப்போதே அவள் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. உள்ளாட்சி அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், போக்குவரத்துத் திட்டங்கள் என்று வேலை இருக்கிறது. ஒன்றை மறைக்க மாட்டேன்: ஒரு திட்டம் தரையில் எழும்ப ஆண்டுக்கணக்கில் ஆகலாம். உடனடிப் பலனை எதிர்பார்ப்பவர்கள் இதில் சோர்ந்துபோவார்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு வாரம் மகள் ஒரே இடத்துக்குக் காலை, நண்பகல், மாலை என்று போகட்டும். எத்தனை பேர் நிற்கிறார்கள், உட்காருகிறார்கள் என்று எண்ணட்டும். முதியவர்கள், பெண்கள், குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோரில் யாரைக் காணவில்லை என்றும் குறிக்கட்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.