மோட்டார் வந்த வழி

கேள்வி: தம்பி ஒன்ராறியோவில் இருக்கிறான். சனி, ஞாயிறுகளில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிக்குப் போகிறான். பரிசுப் பணத்தில் பந்தயம் கட்டியே கடனாளியாகிவிட்டான். முள்ளிவாய்க்கால்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த அம்மாவின் காப்புகளை அடகு வைத்து ஐந்து இலட்சம் அனுப்பச் சொல்கிறான். நல்லவன், போன வருடம் வென்ற காசில்தான் எங்கள் மிளகாய், கச்சான் தோட்டக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கித் தந்தான். அம்மாவுக்குச் சொல்லாமல் அனுப்பலாமா?
– வாசகி, வட்டக்கச்சி

பதில்: தங்கச்சி, காப்பு இருக்கட்டும். முதலில் அந்த மோட்டாரைப் பற்றிக் கதைப்போம்.

வென்ற காசு என்று எழுதியிருக்கிறீர்கள். அது வந்த அன்று, எப்படி வந்தது என்று அவனிடம் கேட்டீர்களா? மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தம்பி தந்தது என்று அயலுக்கெல்லாம் காட்டியிருப்பீர்கள். வென்றால்தான் வீட்டில் மதிப்பு என்று அவனுக்குப் பழக்கியது யார்?

அந்த விளையாட்டில் சுற்றுக்கு 25 தட்டு, 25 தோட்டா. அந்தச் செலவை உழைக்கிறவன் செய்துவிட்டுப் போகட்டும். பந்தயம் வேறு. நுழைவுக் கட்டணத்துக்கு மேலே விரும்பியவர்கள் போடும் காசுதான் சேர்ந்து பங்குப் பணமாகிறது. ஒரு தட்டும் தவறவிடாதவர்கள் பத்துப் பேர் என்றால் அது பத்தாகப் பிரியும். குறி தப்பாமல் சுட்டவனுக்கே நுழைவுக் கட்டணமும் தோட்டாச் செலவும் திரும்பாத நாள் உண்டு. நம் ஊர்ச் சீட்டில் கட்டியவருக்கு ஒரு மாதமாவது சீட்டுக் காசு கைக்கு வரும் (பிடிக்கிறவர் ஓடிப்போகாவிட்டால்). உங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது தோற்றுப்போன யாரோ ஒருவனின் வீட்டுக் காசு. அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள். அவளிடமும் அவன் காப்பு கேட்டிருப்பான்.

அடகு வைக்காதீர்கள். ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அம்மாவுக்குச் சொல்லாமல் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? ஷெல்லுக்குள் அவர் காத்த பொருளை அவருக்குத் தெரியாமல் எடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது, நான் எழுதவில்லை. இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு இருவருமாகத் தம்பியை அழையுங்கள். வென்றாயா, தோற்றாயா என்று கேட்கவே வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சூதில் சிக்கியவர்களுக்கு அங்கே கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற இலவசத் தொலைபேசிச் சேவை இரவு பகலாக இருக்கிறது. அதற்கு அவனே பேசுவதுதான் நல்லது.

மோட்டாரின் விலையைக் கச்சான் விற்கிற காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். கணக்குத் தீர்ந்த அன்று, "உன் மோட்டாரை நாங்கள் வாங்கிவிட்டோம்" என்று அவனுக்குச் சொல்லுங்கள்.