வாசகர் கேள்வி: கப்பல் வாங்கினோம், ஓட்ட எப்போது கற்றோம்?

கேள்வி: வ.உ.சி. கப்பல் வாங்கிய கதை எங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் வருஷம் தவறாமல் வருகிறது. கப்பலோட்டும் படிப்பு நம் நாட்டுக்கு எப்போது வந்தது என்று ஒரு மாணவி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.
- ஓர் ஆசிரியர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 10 லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். இவ்வளவும் போட்டியில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்மவர்களுக்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பதும் அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஊர் ஊராகப் பங்கு விற்றுப் பணம் திரட்டினால் கப்பல் வாங்கிவிடலாம், ஆனால் கப்பல் அதிகாரியாக நம் பிள்ளைகளைப் பழக்க அன்று நாட்டில் ஒரு பயிற்சிக் கப்பல்கூட இல்லை. லஸ்கர் என்ற பெயரில் கரி அள்ளிப் போடவும் கயிறு இழுக்கவும் பிரிட்டிஷ் கப்பல்களில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அதற்கு மேலே ஏற ஏணி இல்லை. 1908-ல் வ.உ.சி.யைப் பிடித்துப் போட்டார்கள், 1911-ல் கம்பெனியும் கலைந்தது.

1919 ஏப்ரல் 5-ம் தேதி, இந்தியர்கள் நடத்திய சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது, அந்த நாளைத்தான் இப்போது தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு அப்புறம்தான் உங்கள் ஊர் வருகிறது. 1922-ல் மத்திய சட்டசபையில், இந்தியர்களுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி வேண்டும், இந்தியாவுக்கென்று வணிகக் கப்பல்கள் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் சர் பி.எஸ். சிவசாமி ஐயர். பக்கத்துப் பழமார்நேரியில் பிறந்தவர், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர்தான். அடுத்த ஆண்டு குழு போட்டார்கள், 1924-ல் அறிக்கை வந்தது, 1927-ல் டஃபரின் என்ற பழைய படைக்கப்பலைப் பம்பாய்த் துறைமுகத்தில் நிறுத்திப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். வ.உ.சி. எழுதி வைத்து 21 வருஷம்! டஃபரினுக்கு அடுத்து 1972-ல் வந்த பயிற்சிக் கப்பலுக்கு ராஜேந்திரா என்று பெயர், கடாரம் வரை கப்பல் அனுப்பிய நம் சோழன் பெயர். 2008-ல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. அடுத்த போட்டியில் அந்த மாணவியையே சிவசாமி ஐயரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வாப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறித்தான் பினாங்கு போனார்கள். அது யாருடைய கப்பல்?
- ஒரு வாசகர், நாகூர்

பதில்: வ.உ.சி.யை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, அவர்களுடையதுதான். 1926-ல் கட்டியது. நாகையில் கரையோடு அணையாது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும், வாப்பா சொல்லியிருப்பார்கள். 1973-ல் நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது.

கேள்வி: பையன் பத்தாவது முடித்திருக்கிறான். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் லட்சக்கணக்கில் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படிப்புக்குக் கட்டணம் உண்டு, வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி. ஷிப்பிங் என்பார்களே, அதன் உரிமம் இருக்க வேண்டும். அவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

பத்தாவது முடித்தவனுக்கு ஜி.பி. ரேட்டிங் என்று, அதிகாரிக்குக் கீழே உள்ள மாலுமி வேலைக்கு ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது, பதினேழரை வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்தால்தான் சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம் கிடைக்கும், அது இல்லாமல் கப்பலில் ஏற முடியாது. ஆனால் பையனுக்குக் கணக்கு வருமென்றால் பன்னிரண்டாவது வரை பொறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்துப் படித்துக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதினால் அதிகாரியாகும் வழி திறக்கிறது. எந்தப் படிப்பானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் கூட்டிப் போய் நிறப் பார்வையைச் சோதியுங்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களைக் கப்பலின் டெக் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.