கோபுரத்துக்குப் பின்னால் 20 மாடி: ஆட்சேபிக்க வழி உண்டா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் எங்களுடையது. பழைய திரையரங்கு இருந்த நிலத்தில் 20 மாடி அலுவலகக் கட்டடம் வரப்போகிறதாம். அந்த நிலத்தை ஒட்டி, காலமான என் அப்பா வாங்கிய கடைவீடு இருக்கிறது. மாரியம்மன் கோயில் கோபுரமும் பின்னால் தெரியும் மலையும்தான் எங்கள் ஊரின் முகம். அது கெட்டுவிடும் என்று ஆட்சேபம் தெரிவிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் “மலை மறைகிறது” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மனு நிற்காது. ஜன்னலில் தெரியும் காட்சியை உங்கள் சொத்தாகச் சட்டம் கருதுவதில்லை. அந்த இடத்துக்கென வகுத்த திட்டத்தைக் கட்டடம் மீறுகிறது என்று காட்டினால் நிற்கும்.

ஆகவே முதலில் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குச் செல்லுங்கள். ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனப்படும் உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகி நடப்பில் உள்ளதா, அந்த நிலத்துக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு தளப்பரப்பு அனுமதி என்று கேளுங்கள். திட்டம் இருந்தால், அதற்கு முரணான கட்டடத்துக்கு 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அனுமதி கொடுக்கக் கூடாது. திட்டத்தை மாற்றித்தான் கட்ட வேண்டும் என்றால், பொதுமக்களின் ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கழகம் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். நேரில் பேசவும் கேட்கலாம். இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ இருந்தாலும் அது பக்கத்து நிலம்தான்.

நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அறிவிப்பு, நிலப்பட்டாவில் பெயர் உள்ளவருக்கே போகும். பட்டா இன்னும் அப்பா பெயரில், முகவரி எப்போதோ விட்டுவந்த தோட்டத்து லயத்தில் இருந்தால், கடிதம் அங்கே போய்ச் சேரும். 21 நாள் உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். பெயர் மாற்றத்தையும் முகவரியையும் இந்த வாரமே நில அலுவலகத்தில் கவனியுங்கள். கோயில் நிர்வாகத்தையும் விசாரிக்கச் சொல்லுங்கள். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் கோயிலானால், பட்டாவில் நிறுவனத்தின் பெயரே இருக்கும். அறிவிப்பும் நிறுவனத்துக்கே போகும்.

அடுத்து ஊரின் தோற்றம். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. பேராக்கிலேயே உள்ள தெலுக் இந்தான் நகரில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர்தான், சுற்றியுள்ள கடைகள் தாழ்ந்து நிற்பதால்தான் அது ஊருக்கே அடையாளமாக இருக்கிறது. மாடிக்கு 4 மீட்டர் என்றால் உங்கள் ஊர்க் கட்டடம் 80 மீட்டர். கோபுரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்துக்கு 100 மீட்டர் தள்ளி, கட்டடத்துக்கு 400 மீட்டர் தள்ளி நின்று, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் அடிக்கோலைப் பிடியுங்கள். கோபுரம் 9 சென்டிமீட்டர் காட்டும். நான்கு மடங்கு தொலைவில் உள்ள கட்டடம் 12 காட்டும். இப்படி அளந்து எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மேம்பாட்டாளர் தரும் படங்கள் பெரும்பாலும் பறவைப் பார்வையில் இருக்கும். அவற்றை ஏற்காதீர்கள். பஸ் நிலையம், கோயில் வாசல், பள்ளித் திடல் ஆகிய இடங்களிலிருந்து, நிற்பவரின் கண் மட்டத்தில் வரைந்த படம் கேளுங்கள்.

நிழலையும் சேர்த்து எழுதுங்கள். நம் நாட்டில் உச்சிவெயில் மதியம் ஒன்றேகால் மணியளவில்தான். அதனால் காலை 9 மணிக்குச் சூரியன் இன்னும் தாழ்வாகவே இருக்கும். 80 மீட்டர் கட்டடத்தின் நிழல் மேற்கே சுமார் 160 மீட்டர் விழும். உங்கள் கடை அந்தப் பக்கமா என்று பாருங்கள். வாகன நிறுத்தம், மழைநீர் வடிகால் பற்றி ஒவ்வொரு பத்தி போதும். அலுவலகங்களுக்கு ஆள் வருவார்களா என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். அது மேம்பாட்டாளரின் கவலை.

21ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபித்தும் அனுமதி கிடைத்துவிட்டால், முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். முன்பே எழுத்தில் ஆட்சேபித்த பக்கத்து நில உரிமையாளருக்கு மட்டுமே அந்த வாய்ப்பு. எனவே மனுவின் நகலில் கழகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.